காணாமல் போன போல்டர்கள்: பைல் அட்ரிபியூட்டும் கெர்னலும்

2013-ம் ஆண்டு, ஒரு சனிக்கிழமை சாயங்காலம். கீழக்குயில்குடியில் எங்கள் தெருவில் இருக்கும் கல்லூரி மாணவர் ஒருவர் கையில் பென் டிரைவோடு வந்து நின்றார். முகம் வாடிப் போயிருந்தது.

"அண்ணே, உள்ள ஒண்ணுமே இல்லண்ணே. எல்லா போல்டரும் ஷார்ட்கட் ஆயிருச்சு. கடையில கேட்டா பார்மட் பண்ணித்தான் ஆகணும்கறாங்க. திங்கட்கிழமை காலேஜ்ல குடுக்கணும்ணே."

அவர் வரலாறு படிக்கும் மாணவர். எங்கள் ஊரை ஒட்டி நிற்கும் சமணர் மலையில், செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் உள்ள தீர்த்தங்கரர் சிற்பங்களை இரண்டு நாள் ஏறி இறங்கிப் படம் எடுத்திருந்தார். மொத்தம் 214 படங்கள். சாதாரண போனில் எடுத்தவை. பிரிண்ட் போடும் கடை ஒன்றில் அவற்றைப் பென் டிரைவுக்கு மாற்றிவிட்டு, போனின் மெமரி கார்டைக் காலி செய்து பாட்டு ஏற்றிவிட்டார். ஆக, உலகத்திலேயே அந்தப் படங்கள் இருந்த ஒரே இடம் அந்தப் பென் டிரைவ்தான்.

"தம்பி, பார்மட் மட்டும் பண்ணாதீங்க. முதல்ல என்ன ஆச்சுன்னு பார்ப்போம்" என்றேன். பென் டிரைவைச் செருகி, ஐகான் மீது ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பார்த்தேன். உள்ளே ஒன்றுமே தெரியாத டிரைவில் 300 எம்பிக்கு மேல் இடம் பயன்பட்டிருப்பதாகக் காட்டியது. அதிலேயே பாதிக் கவலை தீர்ந்தது. பைல்கள் அழியவில்லை. அவற்றைப் பற்றிய குறிப்பு மட்டும் மாறியிருக்கிறது. அந்தக் குறிப்புக்குப் பெயர்தான் அட்ரிபியூட். அதைப் படிப்பதும் மாற்றுவதும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் உள்ளே இருக்கும் கெர்னலின் வேலை. அது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், இது போன்ற நேரத்தில் நீங்களும் பதற மாட்டீர்கள்.

பைல் வேறு, குறிப்பு வேறு

பேச்சிப்பள்ளத்தில் சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்தில் கல்வெட்டுகள் இருக்கின்றன. சிற்பத்தைச் செய்வித்தவர் யார் என்பதை அவை சொல்கின்றன. சிற்பம் வேறு, கீழே உள்ள எழுத்து வேறு. கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். படத்தின் உள்ளடக்கம் டிஸ்க்கில் ஓரிடத்தில் இருக்கும். அதன் பெயர், அளவு, தேதி, மறைந்திருக்க வேண்டுமா, எழுத அனுமதி உண்டா என்ற விவரங்கள் வேறோர் இடத்தில் இருக்கும்.

பென் டிரைவ்களில் பெரும்பாலும் பேட் 32 என்ற பைல் சிஸ்டம் இருக்கும். இதில் ஒவ்வொரு பைலுக்கும், ஒவ்வொரு போல்டருக்கும் 32 பைட் நீளத்தில் ஒரு பதிவு உண்டு. முதல் 11 பைட்டில் பெயர்: எட்டு எழுத்து, பிறகு மூன்று எழுத்து எக்ஸ்டென்ஷன். அடுத்து வரும் 12-வது பைட்தான் அட்ரிபியூட். ஒரே ஒரு பைட், அதாவது எட்டு பிட். அதில் ஆறு பிட்டுகளுக்கு வேலை உண்டு.

1 – ரீட் ஒன்லி (படிக்க மட்டும்)
2 – ஹிடன் (மறைவு)
4 – சிஸ்டம் (சிஸ்டம் பைல்)
8 – வால்யூம் லேபிள் (டிரைவின் பெயர்)
16 – டைரக்டரி (இது போல்டர்)
32 – ஆர்க்கைவ் (மாறியிருக்கிறது, பேக்கப் எடுக்க வேண்டும்)

எந்தெந்தக் குணம் வேண்டுமோ அந்த எண்களைக் கூட்டி எழுதிவிட வேண்டியதுதான். சாதாரண போல்டருக்கு இந்த பைட்டில் 16 என்று இருக்கும். அந்த வைரஸ் செய்தது என்ன? ஒவ்வொரு போல்டருக்கும் ஹிடன், சிஸ்டம் இரண்டையும் சேர்த்தது. 16 + 2 + 4 = 22. அதாவது 16 என்று இருந்ததை 22 ஆக்கியது, அவ்வளவுதான். பிறகு அதே பெயரில் ஒரு ஷார்ட்கட் பைலை உருவாக்கி வைத்தது. நாம் போல்டர் என்று நினைத்து ஷார்ட்கட்டைக் கிளிக் செய்தால் முதலில் வைரஸ் ஓடும்.

உண்மையாகவே பைலை அழித்தால் நடப்பது வேறு. பெயரின் முதல் பைட்டில் 229 என்ற எண் எழுதப்படும். பைல் இருந்த இடம் காலி என்று அட்டவணையில் குறிக்கப்படும். நம் மாணவருக்கு அது நடக்கவில்லை. ஆனால் கடைக்காரர் சொன்னபடி பார்மட் செய்திருந்தால் பதிவுகளும் அட்டவணையும் சேர்ந்து போயிருக்கும். 16-க்கும் 22-க்கும் உள்ள வித்தியாசத்துக்காக 214 படங்களைப் பலி கொடுத்திருப்போம்.

இன்னொரு சுவையான செய்தி. எட்டு எழுத்துக்கு மேல் போகும் பெயர்களும் தமிழ்ப் பெயர்களும் எங்கே பதிவாகின்றன? விண்டோஸ் 95 வந்தபோது இதற்குத் தனிப் பதிவுகளைக் கொண்டு வந்தார்கள். ஒரு பதிவில் 13 குறியீடுகள் அடங்கும். அந்தப் பதிவின் அட்ரிபியூட் 15, அதாவது 1 + 2 + 4 + 8. இப்படி ஒரு சேர்க்கை எந்த நிஜ பைலுக்கும் வராது என்பதால் பழைய டாஸ் இவற்றைத் தாண்டிப் போய்விடும். "கீழக்குயில்குடி" என்று ஒரு போல்டருக்குப் பெயர் வைத்தால் யூனிகோடில் 15 குறியீடுகள். எனவே இரண்டு நீளப் பதிவு, ஒரு சாதாரணப் பதிவு, மொத்தம் மூன்று. நம் ஊர்ப் பெயருக்கு 96 பைட் செலவு!

நடுவில் இருக்கும் கெர்னல்

எந்த புரோகிராமும் இந்த 12-வது பைட்டை நேரடியாகத் தொடுவதில்லை. உங்கள் நிலத்தின் பட்டாவில் பெயர் மாற்ற வேண்டுமானால் நீங்களே பதிவேட்டை எடுத்து எழுத முடியுமா? மனு கொடுக்க வேண்டும். உரிய அலுவலர் சரிபார்த்து எழுதுவார். அது போல புரோகிராம் கெர்னலிடம் மனு கொடுக்கிறது. இந்த மனுவுக்கு சிஸ்டம் கால் என்று பெயர்.

லினக்ஸில் ஒரு பைலின் விவரத்தைப் படிக்க ஸ்டாட் என்ற சிஸ்டம் கால் இருக்கிறது. அனுமதியை மாற்ற சிஎச்மாட், உரிமையாளரை மாற்ற சிஎச்ஓன், தேதியை மாற்ற யூடைம் வகைக் கால்கள். சிஎச்மாட் மனு ஒன்று உள்ளே போனால் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

1. கெர்னல் முதலில் பைலைத் தேடுகிறது. ஒவ்வொரு டைரக்டரியாக உள்ளே நுழைந்து, நுழைய உங்களுக்கு அனுமதி உண்டா என்று ஒவ்வொரு படியிலும் பார்க்கிறது. முடிவில் ஐநோடு கிடைக்கிறது. லினக்ஸில் பைலின் குறிப்புகள் அனைத்தும் இருக்கும் பதிவு இதுதான். பெயர் மட்டும் இதில் இருக்காது. அது டைரக்டரியில் இருக்கும்.

2. எதை மாற்ற வேண்டும் என்று ஒரு சிறு படிவத்தைக் கெர்னல் நிரப்புகிறது. சோர்ஸ் கோடில் இதன் பெயர் ஐஅட்டர். அனுமதி, உரிமையாளர், அளவு, தேதி என்று இதில் பல கட்டங்கள். எந்தக் கட்டங்கள் நிரப்பப்பட்டுள்ளன என்று சொல்ல ஒரு தனிக் கட்டமும் உண்டு. நிரப்பாத கட்டத்தைக் கெர்னல் தொடாது.

3. படிவம் நோட்டிபை சேஞ்ச் என்ற பங்ஷனுக்குப் போகிறது. அங்கே பொதுவான சோதனைகள் நடக்கும். பிறகு அந்தந்த பைல் சிஸ்டம் வைத்திருக்கும் செட்அட்டர் என்ற பங்ஷனை அது அழைக்கிறது. இஎக்ஸ்டி 4-க்கு ஒரு செட்அட்டர், பேட் பைல் சிஸ்டத்துக்கு வேறொன்று.

4. மனு கொடுத்தவர் பைலின் உரிமையாளரா, அல்லது ரூட் போன்ற அதிகாரம் உள்ளவரா என்று சோதிக்கப்படுகிறது. இல்லையென்றால் மனு தள்ளுபடி.

5. சரியாக இருந்தால் மெமரியில் உள்ள ஐநோடில் புதிய மதிப்பு எழுதப்பட்டு, "இது மாறியிருக்கிறது" என்று குறிக்கப்படும். உடனே டிஸ்க்குக்குப் போய்விடாது. பிறகுதான் எழுதப்படும். லினக்ஸில் வழக்கமான அமைப்பில் இப்படி 30 விநாடி வரைகூடக் காத்திருக்கலாம். பென் டிரைவைச் சட்டென்று பிடுங்காதீர்கள், முறையாக எஜெக்ட் செய்யுங்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

விண்டோஸிலும் அடிப்படை இதேதான். செட் பைல் அட்ரிபியூட்ஸ் என்று புரோகிராம் கேட்கும். அது கெர்னலில் என்டி செட் இன்பர்மேஷன் பைல் என்ற சேவைக்குப் போகும். அங்கிருந்து பைல் சிஸ்டம் டிரைவருக்கு ஆணை போகும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. வைரஸும் இதே மனுவைத்தான் கொடுத்தது. பேட் 32-ல் உரிமையாளர் என்று யாரும் கிடையாது. அதனால் "நீ யார்" என்று பார்க்க வழியே இல்லை. கேட்டபடி 16-ஐ 22 ஆக்கியது கெர்னல். அதே மனுவை நாம் திருப்பிக் கொடுத்தால் 22 மறுபடியும் 16 ஆகிவிடும்.

மூன்று வகை அட்ரிபியூட்

எல்லா அட்ரிபியூட்டும் ஒரே மாதிரி அல்ல. நான் இவற்றை மூன்றாகப் பிரித்துப் புரிந்துகொள்கிறேன்.

முதல் வகை, கெர்னல் தானே காவல் காப்பது. ரீட் ஒன்லி போட்ட பைலில் எழுதப் போனால் விண்டோஸ் கெர்னலே மறுத்துவிடும். லினக்ஸில் 644 போன்ற அனுமதி எண்கள் இந்த வகை. படிக்க 4, எழுத 2, இயக்க 1. உரிமையாளருக்கு 6, அதாவது படிக்கவும் எழுதவும் செய்யலாம். குழுவுக்கும் மற்றவர்களுக்கும் 4, படிக்க மட்டும். இஎக்ஸ்டி 4 பைல்களுக்கு இம்யூட்டபிள் என்ற குறியும் உண்டு. இதைப் போட்டுவிட்டால் அந்தக் குறியை நீக்கும் வரை ரூட்கூட அந்த பைலை மாற்றவோ அழிக்கவோ முடியாது.

இரண்டாம் வகை, கெர்னல் எழுதி வைத்துக்கொண்டு, கேட்டால் சொல்வது மட்டும். ஹிடன், சிஸ்டம் இரண்டும் இப்படி. விண்டோஸ் கெர்னல் மறைந்த பைலைத் தர மறுப்பதில்லை. முழுப் பட்டியலையும் கொடுத்துவிடும். அதில் எதைத் திரையில் காட்டுவது, எதை விடுவது என்று முடிவு செய்வது மேலே இருக்கும் எக்ஸ்ப்ளோரர். எனவே ஹிடன் என்பது திரைச்சீலைதான், பூட்டு அல்ல. ரகசிய பைலை ஹிடன் செய்துவிட்டேன் என்று யாராவது நிம்மதியாக இருந்தால் அந்த நிம்மதிக்கு ஆதாரம் இல்லை.

மூன்றாம் வகை, கெர்னல் தானாகவே எழுதுவது. தேதிகளும் ஆர்க்கைவ் பிட்டும் இதில் சேரும். பைலில் எழுதினால் மாற்றிய நேரம் பதிவாகும். லினக்ஸில் சிடைம் என்று ஒன்று உண்டு. ஐநோடில் எது மாறினாலும் அப்போதைய நேரத்தைக் கெர்னல் அதில் போட்டுவிடும். மற்ற நேரங்களை நாம் கேட்டு மாற்றலாம். சிடைமை நம் விருப்பப்படி மாற்றிக் கேட்க சிஸ்டம் காலே கிடையாது. கடைசியாகப் படித்த நேரமும் உண்டு. வெறுமனே படிப்பதற்கெல்லாம் டிஸ்க்கில் எழுத வேண்டுமா என்ற கேள்வி எழுந்ததால், 2009-ல் வந்த லினக்ஸ் 2.6.30 முதல் இதை அடிக்கடி எழுதாமல் தேவைப்படும்போது மட்டும் எழுதும் முறை வழக்கமாகிவிட்டது.

பேட் 32-ல் நேரத்துக்கு இடம் குறைவு. மாற்றிய நேரம் இரண்டு விநாடி இடைவெளியில்தான் பதிவாகும். படித்ததற்குத் தேதி மட்டும் உண்டு, மணி கிடையாது. ஆண்டுக் கணக்கு 1980-ல் தொடங்குகிறது. கடிகாரம் சரியில்லாத கேமராவில் எடுத்த படங்களுக்கு 1980 என்று தேதி வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

பாஸ் லினக்ஸில் தெரிந்த போல்டர்கள்

அந்த மாணவரின் தங்கையிடம் அரசு கொடுத்த லேப்டாப் ஒன்று இருந்தது. 2011-ல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தது. அதில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. பாஸ் லினக்ஸ் சென்னையில் உள்ள சி-டாக் உருவாக்கியது. பலர் வீட்டில் அது திறக்கப்படாமலே கிடந்தது. எங்களுக்கு அன்று அதுதான் கை கொடுத்தது.

லேப்டாப்பை பாஸில் தொடங்கி, பென் டிரைவைச் செருகினோம். எந்தக் கட்டளையும் கொடுக்காமலே எல்லா போல்டரும் வரிசையாகத் தெரிந்தன! மாணவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். மந்திரம் ஒன்றும் இல்லை. லினக்ஸ் உலகில் பெயருக்கு முன்னால் புள்ளி இருந்தால்தான் பைலை மறைப்பது வழக்கம். பேட் பைல் சிஸ்டத்தின் ஹிடன் பிட்டை அங்குள்ள பைல் மேனேஜர் பார்ப்பதே இல்லை. திரைச்சீலை போட்ட அதே பென் டிரைவ்தான். வேறு வாசல் வழியாக உள்ளே வந்தோம். மேலும் அந்த வைரஸ் விண்டோஸுக்காக எழுதப்பட்டது. லினக்ஸில் அது ஓடாது.

அடுத்து நான் ஒரு தவறு செய்தேன். டெர்மினலைத் திறந்து, சிபி -ஆர் என்ற கட்டளையால் போல்டர்களை லேப்டாப்புக்கு நகலெடுத்தேன். 214 படங்களும் வந்தன. மாணவர் தன் நோட்டை விரித்தார். "10.42, இடமிருந்து இரண்டாவது" என்கிற மாதிரி, எந்தச் சிற்பத்தை எத்தனை மணிக்கு எடுத்தார் என்று குறித்து வைத்திருந்தார். ஒன்றைப் போல் ஒன்று இருக்கும் சிற்பங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று, நான்கு படம். பெயரில் இருந்த வரிசை எண்ணை மட்டும் வைத்து எது எதென்று சொல்ல முடியாது. படத்தின் நேரம்தான் ஒரே துணை. லேப்டாப்பில் பார்த்தால் எல்லாப் படத்துக்கும் அன்று சாயங்காலம் 6.50!

"அண்ணே, நேரமெல்லாம் போச்சேண்ணே" என்று மறுபடியும் வாடிப் போனார்.

நடந்தது இதுதான். நகலெடுப்பது என்றால் புதிய பைல் ஒன்றை உருவாக்கி உள்ளடக்கத்தை எழுதுவது. எழுதியவுடன் கெர்னல் தன் கடமையைச் செய்து அப்போதைய நேரத்தைப் போட்டுவிட்டது. பழைய நேரம் வேண்டுமானால் நகலெடுக்கும் புரோகிராம் அதற்குத் தனியாக மனு கொடுக்க வேண்டும். சிபி கட்டளையில் -பி சேர்த்தால் அது அந்த மனுவைக் கொடுக்கும். மூலத்தின் நேரத்தை ஸ்டாட் மூலம் படித்து, நகலின் மீது எழுதச் சொல்லும்.

நல்லவேளையாகப் பென் டிரைவில் மூலம் அப்படியே இருந்தது. நகலை நீக்கிவிட்டு, சிபி -ஆர் -பி என்று மறுபடி கொடுத்தேன். 10.42 திரும்பி வந்தது. முதல் நகலை நம்பி நான் பென் டிரைவைச் சுத்தம் செய்திருந்தால் அந்த நேரங்கள் திரும்பியிருக்காது.

இப்போதைய போன்களிலும் டிஜிட்டல் கேமராக்களிலும் எடுக்கும் படத்துக்குள்ளேயே எக்ஸிப் என்ற குறிப்பாக நேரம் பதிவாகிவிடுகிறது. அது உள்ளடக்கத்தின் பகுதி என்பதால், அப்படியே நகலெடுத்தால் மாறாது. ஆனால் அவருடைய பழைய போனில் அந்த வசதி இல்லை. இன்றைக்கும் ஒலிப்பதிவுகள், டைப் செய்த குறிப்புகள் போன்ற பல பைல்களுக்கு வெளியே உள்ள நேரம்தான் சாட்சி.

விண்டோஸில் சரி செய்வது எப்படி?

லினக்ஸ் இல்லாதவர்கள் விண்டோஸிலேயே செய்யலாம். விண்டோஸ் 11 வரை இந்தக் கட்டளை இருக்கிறது. இங்கே தமிழ் எழுத்தில் தருவதைக் கீபோர்டில் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளவும்.

1. ஷார்ட்கட் எதையும் கிளிக் செய்ய வேண்டாம். முதலில் ஆன்டி வைரஸ் கொண்டு கம்ப்யூட்டரையும் பென் டிரைவையும் சோதிக்கவும். வைரஸ் ஓடிக்கொண்டிருந்தால் நீங்கள் 16 ஆக்கியதை அது மறுபடி 22 ஆக்கும்.

2. விண்டோஸ் கீயுடன் ஆர் அழுத்தி, சிஎம்டி என்று அடித்து என்டர் தட்டவும்.

3. பென் டிரைவின் எழுத்து ஜி என்றால், ஜி: என்று அடித்து என்டர் தட்டவும்.

4. அட்ரிப் -எச் -எஸ் -ஆர் /எஸ் /டி *.* என்று அடித்து என்டர் தட்டவும்.

மைனஸ் குறி என்றால் நீக்கு என்று பொருள். எச் ஹிடன், எஸ் சிஸ்டம், ஆர் ரீட் ஒன்லி. சாய்கோட்டுக்குப் பின் வரும் எஸ் உள்ளே உள்ள போல்டர்களுக்கும் போகச் சொல்கிறது. டி போல்டர்களையும் சேர்க்கச் சொல்கிறது.

எச், எஸ் இரண்டையும் ஒன்றாகக் கொடுக்க வேண்டும். சிஸ்டம் குறி இருக்கும்போது ஹிடனை மட்டும் நீக்கச் சொன்னால் அட்ரிப் மறுத்துவிடும். பிராப்பர்ட்டீஸில் ஹிடன் கட்டம் மங்கலாக, டிக்கை எடுக்க முடியாமல் இருப்பதும் இதனால்தான்.

5. போல்டர்கள் தெரிந்தவுடன் உள்ளே பைல்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து, வேறிடத்தில் நகல் எடுத்துக்கொள்ளவும். அதன் பிறகே ஷார்ட்கட்களை அழிக்கவும்.

லினக்ஸ் வழியாகச் செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பென் டிரைவில் உள்ள பைலுக்கு சிஎச்மாட் 600 என்று கொடுத்துப் பாருங்கள். பிழைச் செய்தி வராது. ஆனால் ஸ்டாட் கொடுத்துப் பார்த்தால் எதுவும் மாறியிருக்காது. 32 பைட் பதிவில் உரிமையாளருக்கோ குழுவுக்கோ இடமே இல்லையே, கெர்னல் எங்கே எழுதும்? பைல்கள் எல்லாம் உங்களுடையவை என்று அது காட்டுவது பென் டிரைவைச் செருகும்போது தானாக வைத்துக்கொண்ட மதிப்பு. எழுதும் அனுமதியை முழுதாக எடுத்தால் மட்டும் ரீட் ஒன்லி பிட்டாக மாற்றி எழுதும். ரகசியமான பைல்களைப் பென் டிரைவில் வைத்து "அனுமதி போட்டுவிட்டேன்" என்று இருந்துவிடாதீர்கள். பூட்ட வேண்டுமானால் என்கிரிப்ஷன்தான் வழி.

முடிவாக

பைல் காணவில்லை என்றால் முதலில் பயன்பட்ட இடத்தின் அளவைப் பாருங்கள். இடம் குறையாமல் இருந்தால் பார்மட் என்ற பேச்சை அனுமதிக்காதீர்கள். நகல் எடுத்தால் உள்ளடக்கத்தோடு தேதியும் வந்திருக்கிறதா என்று ஒன்றிரண்டு பைல்களைத் திறந்து சரிபாருங்கள். சரிபார்க்கும் வரை மூலத்தில் கை வைக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அந்த மாணவர் நோட்டையும் படங்களையும் ஒப்பிட்டுப் பெயர் எழுதினார். திங்கட்கிழமை ஒப்படைத்துவிட்டார். அன்று மாலையே இரண்டு சிடிகளில் படங்களைப் பதிந்து, ஒன்றை என்னிடம் கொடுத்தார். "உங்க வீட்லயும் ஒண்ணு இருக்கட்டும்ணே" என்றார். கெர்னல் பாடத்தைவிட அது நல்ல பாடம்.